ஒன்ராறியோவில் பேஸ்மென்ட் வாடகை: காப்புறுதி எடுக்கும்போது கேட்க வேண்டியவை

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பேஸ்மென்டுக்குக் குடிவந்ததும், "வீட்டுக்காரரிடம் இன்சூரன்ஸ் இருக்குத்தானே" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது அவருடைய கட்டடத்துக்கு. உங்கள் கட்டிலுக்கும் மடிக்கணினிக்கும் அதிலிருந்து ஒரு சதமும் வராது. நீங்கள் எடுக்க வேண்டியது 'ரெனன்ட் இன்சூரன்ஸ்', அதாவது வாடகைக்கு இருப்பவருக்கான காப்புறுதி. சட்டப்படி கட்டாயமில்லை; ஆனால் ஒன்ராறியோவின் பொது வாடகை ஒப்பந்தத்தில் லயபிலிட்டி காப்புறுதி வேண்டும் என்று குறித்திருந்தால் எடுத்தே ஆகவேண்டும்.

லயபிலிட்டி என்றால், உங்களால் மற்றவருக்கு வந்த நட்டத்துக்கான பொறுப்பு. வடைச் சட்டியில் எண்ணெய் தீப்பற்றி மேல்மாடி வரை கருகினால், வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த காப்புறுதி நிறுவனம் அதை உங்களிடம் கேட்டு வரலாம். 10 லட்சம் டொலர் வரையான லயபிலிட்டி வழமையானது. அதைக் குறைக்க வேண்டாம்.

டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் (நட்டஈடு கேட்கும்போதும்) உங்கள் கையிலிருந்து போகும் பங்கு. அது 500 டொலராக இருந்து 3,200 டொலர் நட்டம் வந்தால் 2,700 கிடைக்கும். 450 டொலர் நட்டத்துக்கு ஒன்றும் இல்லை. டிடக்டிபிளைக் கூட்டினால், மாதாந்தம் கட்டும் பிரீமியம் குறையும். ஆனால் அவசரத்துக்குப் புரட்டக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

பேஸ்மென்டில் இருப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது தண்ணீர் பற்றிய பகுதி. குழாய் திடீரென வெடித்தால் சாதாரணப் பொலிசியே போதும். பெருமழையில் கழிவுக்குழாய் நிரம்பி, தரையிலுள்ள வடிகால் துளையால் அழுக்குத் தண்ணீர் மேலே வந்தால் அது 'சூவர் பக்கப்'. யன்னலாலோ கதவாலோ வெள்ளம் உள்ளே வந்தால் அது 'ஓவர்லாண்ட் வோட்டர்'. இவை பெரும்பாலும் கேட்டுச் சேர்க்க வேண்டியவை. கிடைக்கும் தொகைக்குத் தனி உச்ச வரம்பும் இருக்கும். 2013 ஜூலை 8, 2024 ஜூலை 16 பெருமழைகளில் ரொறன்ரோவின் பல பேஸ்மென்டுகள் இப்படித்தான் நனைந்தன. நாள்பட்ட கசிவுக்குப் பொதுவாகப் பணம் வராது. சுவரில் ஈரம் கண்ட அன்றே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

பொருள்களுக்கு 'ரிப்ளேஸ்மென்ட் கொஸ்ட்' கேளுங்கள். அதே தரத்தில் புதிது வாங்கும் விலை கிடைக்கும். 'அக்சுவல் காஷ் வல்யூ' என்றால் பழசானதற்குக் கழித்துத்தான் தருவார்கள்.

நகைக்குத் தனி வரம்பு உண்டு. களவுபோனால் பல பொலிசிகள் சில ஆயிரம் டொலரோடு நின்றுவிடும். 11 பவுன் தாலிக்கொடி 88 கிராம். அது ஒன்றே வரம்பைத் தாண்டும். மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து, பொலிசியில் தனியாகப் பதியச் சொல்லுங்கள்.

அறையைப் பகிரும் நண்பரின் பொலிசி உங்களுக்குப் பொருந்தாது. பெயர் சேர்க்க முடியாவிட்டால் தனியாக எடுங்கள். வீட்டில் சமைத்து விற்பதையோ தையலையோ மறைக்காதீர்கள். கிளெய்ம் நேரத்தில் தெரியவந்தால் நிறுவனம் பணம் தர மறுத்துவிடலாம்.

தண்ணீர் வந்துவிட்டால் முதலில் படமெடுங்கள், பிறகு பொருள்களை உயர்த்தி வையுங்கள், உடனே நிறுவனத்தை அழையுங்கள். நனைந்த மெத்தையை அட்ஜஸ்டர் (நட்டத்தை மதிப்பிடுபவர்) பார்க்கும்வரை, அல்லது எறியலாம் என்று சொல்லும்வரை, குப்பையில் போடவேண்டாம்.