கண்மாய்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு வருகிறதா? ஆட்சேபணை எழுதும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர் என்னுடையது. பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் எங்கள் கண்மாய்க் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என நான்கு பறவைகள் சரணாலயங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அங்கே தங்கும் பறவைகள் இரை தேடிப் போவது எங்கள் ஊர்க் கண்மாய் போன்ற, எந்தப் பட்டியலிலும் இல்லாத நீர்நிலைகளுக்கும்தான். அவற்றுக்காக நாமே எழுதினால்தான் உண்டு.

முதலில், வருவது எண்ணெய் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்கும் சோதனைக் கிணறா, எண்ணெய் எடுக்கும் உற்பத்திக் கிணறா என்று தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி விதியைத் திருத்தியது. அதிலிருந்து சோதனைக் கிணற்றுக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. தண்டோரா போடுவார்கள், அப்போது போய்ப் பேசலாம் என்று காத்திருந்தால் காரியம் முடிந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த விஷயமே 2025-ல் செய்தித்தாளில் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. புது எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். 2020-ல் வந்த அந்தச் சட்டம் டெல்டாவுக்கும் அதையொட்டிய சில ஒன்றியங்களுக்கும்தான். ராமநாதபுரம் அதில் இல்லை.

ஆகவே மாதம் ஒருமுறை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அனுமதி கேட்டு நிறுவனம் போடும் விண்ணப்பத்தோடு கிணறு அமையும் இடத்தின் வரைபடக் கோப்பும் இருக்கும். அதை கூகுள் எர்த்தில் திறந்து, கண்மாய்க்கும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது கூட உட்கார வைத்தால் அரை மணி நேர வேலை.

அடுத்தது நோட்டு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கான ஆய்வை மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத்தில் நடத்தினால் போதும் என்பது நடைமுறை. எங்கள் ஊரில் மழை ஐப்பசியில் தொடங்குகிறது, பறவையும் அதோடுதான் வருகிறது. பங்குனி, சித்திரையில் வந்து பார்த்தால் வெடித்துக் கிடக்கும் தரையும் நாலு மைனாவும்தான் கண்ணில் படும். அப்படி ஒரு அறிக்கையை நானே படித்திருக்கிறேன். கண்மாயைத் ‘தரிசு’ என்று எழுதியிருந்தார்கள். பறவைப் பட்டியலில் காகம், மைனா, புறா. நாரை என்ற சொல்லே இல்லை. அன்றைக்கு என் கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லை. அதற்கடுத்த மழையிலிருந்து வாரம் ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு, கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் அதே கலுங்கில் நின்று எண்ணுகிறேன். தேதி, இடம், என்ன பறவை, எத்தனை, கூடு உண்டா, தண்ணீர் எந்த மட்டம், இவ்வளவுதான் எழுத வேண்டியது. தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்திலும் ஏற்றிவிட்டால் உங்கள் பதிவு வெளியாட்கள் கண்ணிலும் படும்.

ஆட்சேபணைக் கடிதத்தில் ‘இயற்கையை அழிக்காதீர்கள்’ என்று எழுதினால் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வராது. ‘இந்த சர்வே எண்ணில் வரும் கிணறு எங்கள் வரத்துக்காலிலிருந்து இத்தனை மீட்டர். மழையில் இந்த இடம் முழங்கால் அளவு நிற்கும். துளையிடும்போது வரும் சேற்றுக் கழிவுக்கான குழி நிரம்பினால் அது எந்த மடைக்குப் போகும்? கூடு கட்டும் மாதங்களில் இரவு முழுக்க விளக்கும் ஜெனரேட்டரும் ஓடுமா?’ என்று கேளுங்கள். விபத்து பற்றியும் கேளுங்கள். அசாமில் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவை ஒட்டிய பாக்ஜான் கிணறு 2020 மே 27 அன்று வெடித்துக் கசிந்தது. ஜூன் 9-ல் தீப்பிடித்து, நவம்பரில்தான் முழுதாக அடங்கியது. பக்கத்து மாகுரி சதுப்பு நிலத்தில் எண்ணெய் படிந்தது. நம் கண்மாயில் அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

உற்பத்திக் கிணறு என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. முப்பது நாளாவது முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். அறிக்கையை கலெக்டர் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம், தமிழ்ச் சுருக்கமும் இருக்க வேண்டும். நான் போன ஒரு கூட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஏழு வழிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டமே அமைதியாகக் கேட்டது. பதிவில் ‘ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்’ என்று மட்டும் இருந்தது. “வாத்தியாரே, இம்புட்டு நேரம் பேசுனேன், ஒரு வரிதானா?” என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. அதனால் பேசுவதை எழுதியும் கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முடிவில் கூட்டப் பதிவை வாசித்துக் காட்டுவது விதி. அதுவரை எழுந்து போகாதீர்கள். உங்கள் கருத்து விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

சோதனைக் கிணறு என்றால் அதே கடிதத்தை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் கலெக்டருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கூடவே கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இருந்தால் நல்லது. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. தீர்மானத்தில் சர்வே எண்ணும் கண்மாயின் பெயரும் கட்டாயம் வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அனுமதி கொடுத்துவிட்டால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். கெடு முப்பது நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் வரை ஏற்பார்கள். வக்கீல் முதலில் கேட்கப்போவது தேதி போட்ட ஆதாரத்தைத்தான். ஐப்பசிக்கு முன்னாலேயே நோட்டை வாங்கி வையுங்கள். நூறு பக்க நோட்டு ஒரு பருவத்துக்குக் காணும்.