பிலிப்பைன்ஸ் விடுமுறைகளை வைத்து ஆண்டைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் உட்கார்ந்து மணிலா டீமோடு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள். 2025-இல் இந்தியர்களுக்கு 14 நாள் விசா இல்லாத அனுமதி வந்த பிறகு பொராகாய் தீவுக்கு டிக்கெட் தேடுகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். இவர்கள் எல்லோரும் ஜனவரியில் செய்வது ஒரே வேலை: பிலிப்பைன்ஸ் விடுமுறைப் பட்டியலை இறக்கி, காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது. அதற்குப் பிறகு அந்தப் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைப்பது

அங்கே அடுத்த ஆண்டின் விடுமுறைகளை அதிபர் ஒரு பிரகடனமாக முந்தைய ஆண்டே வெளியிடுவார். 2025-க்கான பிரகடனம் 2024 அக்டோபரில் வந்தது. 2026-க்கானது 2025 செப்டம்பரில் வந்தது. வெளியான பட்டியலை இன்னொரு பிரகடனம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியும் இருக்கிறார்கள்.

2023-க்கான பட்டியல் 2022 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 90-ஆம் எண் பிரகடனம் அதை மாற்றியது. நவம்பர் 30, வியாழக்கிழமை வரவேண்டிய, விடுதலைப் போராளி பொனிஃபாசியோவின் தினம் நவம்பர் 27, திங்கட்கிழமைக்குப் போனது. அதற்காவது ஓராண்டு அவகாசம் இருந்தது. 2024-இல் ஆகஸ்ட் 21 புதன்கிழமை வந்த நினோய் அக்கினோ தினத்தை 23, வெள்ளிக்கிழமைக்கு மாற்றிய 665-ஆம் எண் பிரகடனம், அந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் கையெழுத்தானது. வெள்ளிக்கிழமை மணிலாவில் மீட்டிங் வைத்தவர்களுக்கு ஆள் இல்லை. புதன்கிழமைக்கு லீவு என்று நம்பி டிக்கெட் எடுத்தவர்களுக்கோ அது வேலை நாளாகிவிட்டது.

இப்படி நகர்த்துவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. குளோரியா மகபகல் அரோயோ அதிபராக இருந்தபோது 2007-இல் வந்த 9492-ஆம் எண் சட்டம், வாரத்தின் நடுவே வரும் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ள வழி செய்தது. நீண்ட வார இறுதி கிடைத்தால் மக்கள் உள்நாட்டிலேயே ஊர் சுற்றுவார்கள், தீவுகளில் ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்கு வருமானம் வரும் என்பது கணக்கு. ஆகவே எது அசையும், எது அசையாது என்று பிரித்து வையுங்கள். புத்தாண்டு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகியவை அசையாதவை. நாட்டுத் தலைவர்கள் பெயரிலும் வரலாற்று நிகழ்வுகளின் பெயரிலும் வரும் நாட்களை பென்சிலால் குறிப்பதே சரி. அந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒருமுறையும், பத்து நாள் இருக்கும்போது இன்னொரு முறையும் அரசின் அதிகாரபூர்வ கெசட்டைப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்களை ஒட்டிப் பயணம் என்றால், சில நூறு பெசோ கூடுதலாகப் போனாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே நல்லது.

எல்லா விடுமுறையும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். பட்டியலில் உள்ள நாட்கள் மூன்று வகை: வழக்கமான விடுமுறை, வேலை இல்லாத சிறப்பு நாள், வேலை உள்ள சிறப்பு நாள்.

ஒருவருக்கு நாள் சம்பளம் 1,000 பெசோ என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 12 சுதந்திர தினம் வழக்கமான விடுமுறை. அன்று அவர் வீட்டில் இருந்தாலும் 1,000 பெசோ உண்டு; வேலைக்கு வந்தால் 2,000. அன்று அவருடைய வார ஓய்வு நாளாகவும் இருந்து, வேலைக்கும் வந்தால் 2,600. டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை திருநாள், வேலை இல்லாத சிறப்பு நாள். அன்று வேலைக்கு வந்தால் 1,300. வராவிட்டால் நாள் சம்பளக்காரருக்கு ஒன்றும் கிடையாது, நிறுவனத்தின் கொள்கையோ ஒப்பந்தமோ வேறு மாதிரி சொன்னால் ஒழிய. வேலை உள்ள சிறப்பு நாள் என்பது பெயருக்குத்தான் சிறப்பு நாள். சம்பளத்தில் சாதாரண நாளேதான். 1986 மக்கள் எழுச்சியின் நினைவாக வரும் பிப்ரவரி 25, 2025-இலும் 2026-இலும் இந்த வகையில் வந்தது. பட்டியலில் தேதியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கும் வகையைப் பார்க்காமல் விட்டால் கணக்கு தப்பும்.

வகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். 2021-இல் நவம்பர் 2, டிசம்பர் 24, டிசம்பர் 31 மூன்றையும் வேலை உள்ள சிறப்பு நாட்களாக மாற்றினார்கள். போன ஆண்டு ஷீட்டை அப்படியே நகலெடுத்துத் தேதியை மட்டும் திருத்துகிற பழக்கத்தை, அதனால்தான் விட்டுவிடச் சொல்கிறேன்.

இன்னொரு விதி புதிதாக வேலைக்குச் சேரும் பலருக்குத் தெரியாது. வழக்கமான விடுமுறைக்கு முந்தின வேலை நாளில் சம்பளமில்லாத லீவு போட்டால், விடுமுறை நாளுக்கான சம்பளத்தையும் நிறுவனம் தராமல் இருக்கலாம். வியாழன் விடுமுறை என்று புதன்கிழமையே சொல்லாமல் ஊருக்குக் கிளம்புகிறவர் இரண்டு நாள் சம்பளத்தை இழக்கிறார்.

அபூர்வமாக இரண்டு வழக்கமான விடுமுறைகள் ஒரே நாளில் விழும். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பத்தான் தீபகற்பம் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவுகூரும் ஏப்ரல் 9, 1998-இல் பெரிய வியாழனாகவும் இருந்தது. ஒரே நாள்தானே, ஒரு சம்பளம் போதாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2020-இலும் அதே ஏப்ரல் 9 பெரிய வியாழனில் விழுந்தது. சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த உரிமை இது. தெரியாமல் குறைத்துக் கொடுத்தாலும் அது குறைதான்.

நோன்புப் பெருநாளுக்கு இடம் விடாதது

நோன்புப் பெருநாளும் பக்ரீத்தும் நாடு முழுக்க வழக்கமான விடுமுறைகள். முதலாவது 2002-இலும் இரண்டாவது 2009-இலும் சட்டமாயின. ஆனால் ஆண்டுப் பட்டியலில் அவற்றுக்குத் தேதி இருக்காது. பிறையையும் இஸ்லாமிய நாள்காட்டியையும் பார்த்து, முஸ்லிம் ஃபிலிப்பினோக்களுக்கான தேசிய ஆணையம் பரிந்துரைத்த பின் தனிப் பிரகடனம் வரும். பட்டியலில் தேதி இல்லையே என்று விட்டுவிடுகிறவர்கள், 2024-இல் ஏப்ரல் 9 செவ்வாயோடு ஏப்ரல் 10 புதனும் விடுமுறையானதும் திகைத்தார்கள். ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும் என்பது தெரிந்ததுதானே! உத்தேசத் தேதிக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு நாள் முக்கியமான வேலை எதையும் வைக்காமல் விடுங்கள்.

விடுமுறை நாளை மட்டும் பார்ப்பது, ஜனம் நகரும் நாளைப் பார்க்காதது

பயணிகள் செய்யும் பெரிய தவறு இதுதான். புனித வாரத்தில் பெரிய வியாழனும் வெள்ளியும் விடுமுறை என்று பட்டியல் சொல்லும். ஆனால் மணிலா காலியாவது புதன்கிழமை மதியத்திலிருந்து. பரனாக்கேயில் உள்ள பேருந்து முனையத்திலும் குபாவோவிலும் அட்டைப் பெட்டிகளைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்பார்கள். குழந்தைகள் மூட்டையின் மேலேயே தூங்கிவிடும். வடக்கு, தெற்கு விரைவுச் சாலைகள் இரண்டும் ஊர்ந்து நகரும். பத்தாங்காஸ் துறைமுகத்தில் மிண்டோரோ போகும் படகுக்கும், கட்டிக்லானில் பொராகாய் படகுக்கும் கூட்டம் நெரியும். இதே கூட்டம் உயிர்ப்பு ஞாயிறு மாலையிலும் திங்கள் காலையிலும் திரும்பி வரும்.

சரி, மணிலாவிலேயே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். வியாழனும் வெள்ளியும் பெரும்பாலான மால்கள் மூடியிருக்கும். நகர ரயில்கள் ஆண்டுப் பராமரிப்புக்காக அந்த நாட்களில் நின்றுவிடும். சின்னச் சாப்பாட்டுக் கடைகளிலும் பூட்டு தொங்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் புதன்கிழமையே அரிசியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பொராகாயில் பெரிய வெள்ளி காலை 6 முதல் சனி காலை 6 வரை சத்தமான கொண்டாட்டத்துக்குத் தடை உண்டு. கடற்கரைப் பார்ட்டிக்கென்றே அந்தத் தேதியில் போய் இறங்கினால் ஏமாற்றம்தான். தவிர, இது அந்த மக்கள் நெஞ்சுருகி அனுசரிக்கும் நாள். விருந்தாளியாகப் போகிறவர்கள் அதற்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும்.

விசா இல்லாமல் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது. 13-ஆம் நாள் புனித வாரத்தில் விழுந்து, படகோ பேருந்தோ கிடைக்காமல் தீவில் மாட்டினால் சிரமம். விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே மணிலா திரும்பும்படி வையுங்கள்.

நவம்பர் 1-உம் 2-உம் இதே கதைதான். அங்கே ‘உந்தாஸ்’ என்று சொல்லும் கல்லறைத் திருநாள் காலம். கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சோற்றுப் பாத்திரங்களோடு குடும்பமே அங்கே நாளெல்லாம் இருக்கும். உருகி வழியும் மெழுகைப் பிள்ளைகள் பந்தாக உருட்டிச் சேர்ப்பார்கள். சொந்த ஊருக்குப் போய் முன்னோரைப் பார்க்க வேண்டிய நாள் என்பதால் அக்டோபர் கடைசியிலேயே பேருந்துகள் நிரம்பிவிடும். அது புயல் காலமும்கூட. படகு நிறுத்தப்பட்டால் என்ன செய்வது என்பதற்குத் திட்டம் கையில் இருக்கட்டும்.

டிசம்பர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், 16-ஆம் தேதிக்குப் பிறகு எந்த ஒப்புதலையும் எதிர்பார்க்காதீர்கள். அன்றிலிருந்து 24 வரை விடியற்காலைத் திருப்பலி நடக்கும். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் நேராகக் கோயிலுக்குப் போய், வாசலில் சுடச்சுட பிபிங்கா என்ற அரிசிமாவு கேக் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். ஆண்டுக் கடைசியில் கூடுதலாகத் தரும் 13-ஆம் மாதச் சம்பளத்தை 24-க்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 1975-இலிருந்து இருக்கும் ஆணை. ஆகவே நிதிப் பிரிவு அந்த வாரம் மூழ்கிக் கிடக்கும்.

உள்ளூர் விடுமுறையை மறப்பது

மெட்ரோ மணிலா பார்வைக்கு ஒரே ஊர். நிர்வாகத்தில் 16 நகரங்களும் ஒரு நகராட்சியும். மணிலா தினம் ஜூன் 24. கேசோன் சிட்டி தினம் ஆகஸ்ட் 19. ஒரே நிறுவனத்தின் மகாத்தி அலுவலகம் திறந்திருக்க, கேசோன் சிட்டி அலுவலகம் மூடியிருக்கும். தாவோவில் மார்ச் 16, செபு நகரில் பிப்ரவரி 24, பாகியோவில் செப்டம்பர் 1. இவை தேசியப் பட்டியலில் இருக்காது. ஜனவரி 9-இல் மணிலாவின் கியாப்போவில் கறுப்பு நசரேயன் எனப்படும் இயேசு சிலையின் ஊர்வலம். அன்று அந்தப் பக்கம் வண்டி எடுப்பதே வீண்.

சேர்த்து லீவு எடுக்கும் கணக்கில் அவசரப்படுவது

2026 டிசம்பரைப் பாருங்கள். 24 வியாழன், 25 வெள்ளி, 30 புதன், 31 வியாழன், ஜனவரி 1 வெள்ளி. நடுவே 28, 29 இரண்டு நாள் லீவு போட்டால் 11 நாள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். கணக்கு எல்லோருக்கும் தெரியும்; அதனால் எல்லோரும் அதே இரண்டு நாளைத்தான் கேட்பார்கள். அங்கே சட்டப்படி ஓராண்டு வேலை செய்தவருக்குக் கிடைக்கும் சம்பளத்தோடான லீவு ஆண்டுக்கு 5 நாள்தான். ஐந்தையும் ஏப்ரலில் தீர்த்துவிட்டவரால் டிசம்பரில் கேட்க முடியாது. டீம் நடத்துகிறவர்கள், போன ஆண்டு யார் கிறிஸ்துமஸுக்கு வேலை பார்த்தார்கள் என்று எழுதி வைத்து, இந்த ஆண்டு அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். நடுவிலுள்ள விசாயாஸ் தீவுகளிலோ தெற்கே மிண்டனாவோவிலோ வீடு உள்ளவருக்குக் கப்பலிலேயே ஒரு நாளோ அதற்கு மேலோ போய்விடலாம். அவருக்கும் பக்கத்துக் கவித்தேக்காரருக்கும் ஒரே அளவு லீவு என்பது நியாயமாகாது.

பணம் அனுப்புகிறவர்களும் இந்தக் காலண்டரைப் பார்த்தாக வேண்டும். அங்குள்ள வங்கிகளுக்கிடையே பணம் மாற்ற இரண்டு வழிகள்: பெசோநெட், இன்ஸ்டாபே. பெசோநெட் வழியாகப் போகும் பணம் வங்கி வேலை நாளில்தான் சேரும். இன்ஸ்டாபே எந்நேரமும் ஓடும், ஆனால் ஒரு முறைக்கு 50,000 பெசோதான் வரம்பு. வாடகையோ சம்பளமோ புனித வாரத்தில் கொடுக்க வேண்டியதாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிடுங்கள்.