அறுந்த ரப்பர் பேண்டுக்குப் பதில் எதை மாட்டக் கூடாது: பாராசூட் மடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாராசூட் மடிக்கும்போது ரப்பர் பேண்ட் அறுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பாதி மடித்தாயிற்று, அடுத்த விமானத்துக்குப் பெயரும் கொடுத்தாயிற்று, 20 நிமிடத்தில் ஏற வேண்டும். கையில் மாற்று பேண்ட் இல்லை. அந்த நேரத்தில்தான் மூளை அபாரமாக வேலை செய்யத் தொடங்கும். தலைமுடி கட்டும் பேண்ட், காகிதக் கட்டைச் சுற்றியிருந்த பேண்ட், சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம், எதுவுமே இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் டை. இவை எல்லாமே லைன்களை, அதாவது பாராசூட்டின் கயிறுகளை, பிடித்து நிறுத்தும். மடித்த பை பார்ப்பதற்கும் நேர்த்தியாகவே இருக்கும். பிரச்சினை எதுவும் தரையில் தெரியாது.

அது ஏன் பிரச்சினை என்று புரிய வேண்டுமானால், அந்தச் சின்ன ரப்பர் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மெயின் பாராசூட்டின் துணியை மடித்து ஒரு பைக்குள் வைக்கிறோம். டெப்ளாய்மென்ட் பேக், சுருக்கமாக டி-பேக். துணியிலிருந்து ரைசர் (லைன்களைக் குதிப்பவரின் தோள்பட்டையோடு இணைக்கும் பட்டை) வரைக்கும் வருகிற லைன்களை வளைத்து வளைத்து, அந்தப் பையின் வெளிப்புறத்தில் உள்ள ரப்பர் பேண்டுகளில் மாட்டுகிறோம். அப்படி மாட்டிய ஒவ்வொரு வளைவும் ஒரு ஸ்டோ. முதலில் போடும் ஸ்டோக்கள் பையின் வாயை மூடும் மடலையும் சேர்த்துப் பூட்டுகின்றன. இவைதான் லாக்கிங் ஸ்டோ. பையின் வடிவமைப்பைப் பொறுத்து இரண்டோ நான்கோ இருக்கும். அதற்குப் பிறகு வருபவை லைன்கள் சிக்காமல் வரிசையாக அவிழ்வதற்காக.

இனி வானத்துக்குப் போவோம். வயிறு கீழே பார்க்க விழுபவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். பையை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்டான பைலட் சூட் காற்றைப் பிடித்ததும் பையின் வேகம் சட்டென்று குறைகிறது. உள்ளே இருக்கும் துணியோ பழைய வேகத்திலேயே கீழே போகப் பார்க்கிறது. பையின் வாய் இருப்பதும் குதித்தவர் இருக்கிற அந்தப் பக்கம்தான். லாக்கிங் ஸ்டோ தளர்வாக இருந்தால் மடல் திறந்துகொள்ளும். லைன்கள் முழுதாக நீள்வதற்கு முன்பே துணி வெளியே கொட்டும். முதலில் லைன், பிறகு துணி என்று நடக்க வேண்டியது தலைகீழாகிவிடும். தொய்ந்த லைன்களோடு துணி காற்றை வாங்கத் தொடங்கி, லைன்கள் விறைக்கும்போது விழும் அடி மிக மோசமானது. கழுத்து, முதுகெலும்பு, உள்ளுறுப்புகள் என்று எங்கு வேண்டுமானாலும் காயம் ஏற்படலாம். இப்படிப்பட்ட கடும் திறப்புகளில் உயிர் போனதும் உண்டு.

இதற்கு நேர் எதிரான விபத்தும் இருக்கிறது. லைன்கள் நீண்டுவிட்டன, ஆனால் ஒரு ஸ்டோ மட்டும் விட மறுக்கிறது; பை மூடியபடியே தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கிறது. இதை பேக் லாக் என்பார்கள். பாராசூட் இருக்கிறது, ஆனால் விரியாது. வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வை, அதாவது மாற்றுப் பாராசூட்டை, இழுக்கும் முடிவை எடுத்தாக வேண்டும். அப்படிக் கழற்றிவிட்ட பிறகும் பையும் பைலட் சூட்டும் ரிசர்வின் வழியில் வராமல் போக வேண்டும்.

ஆக, ரப்பர் பேண்டின் வேலை இரண்டு. ஓர் அளவு வரை பிடிக்க வேண்டும், அதைத் தாண்டினால் விட வேண்டும். சிக்கிக்கொண்டால் அறுந்துபோயாவது விட வேண்டும். தற்காலிக மாற்றுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும்தான் செய்யும்.

“கெட்டியாக இருந்தால் நல்லதுதானே?”

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இந்தக் கேள்விதான். ரப்பர் அறுந்ததால் தொல்லை வந்தது, அதனால் அறுகாத ஒன்றைப் போடுவோம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பேண்ட் காற்றில் அறுந்தது என்றால் பல நேரம் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் பொருள். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போகிற மாதிரி. ஃபியூஸ் போகிறதே என்று கனமான கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

தலைமுடி பேண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கைக்கு முதலில் வருவது அதுதான். உள்ளே மெல்லிய ரப்பர் இழைகள், அவற்றின் மேல் பின்னிய துணி உறை, இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பசையோ ஒரு சின்ன உலோக வளையமோ. இழுத்தால் நன்றாக நீள்கிறது, கயிற்றையும் கவ்விக்கொள்கிறது. சரி, லைன் வெளியே வரும்போது என்ன நடக்கிறது? எப்போதும் நேராக உருவிக்கொண்டு வந்துவிடாது. வேகமாக வரும் வளைவு சில நேரம் சுழன்று, பேண்டின் மேலேயே விழுந்து, அரை முடிச்சாகச் சுற்றிக்கொள்ளும். அதற்கு மேல் இழுக்க இழுக்க முடிச்சு இறுகுமே தவிர அவிழாது. அங்கே இருப்பது சாதாரண பாராசூட் பேண்டாக இருந்தால் பட்டென்று அறுந்து வழி விடும். துணி உறை போட்ட பேண்ட் அப்படி அறுகாது. உலோக இணைப்பு இருந்தால் லைன் அதில் மாட்டி உரசவும் செய்யும்.

பிளாஸ்டிக் டை, நூல், ஷூ லேஸ் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை நீளாது, விடாது. ஸ்டோ போடும் இடத்தில் அவற்றுக்கு எந்த வேலையும் கிடையாது.

டியூபில் வெட்டிய வளையங்களைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் ரப்பர் குழாயிலிருந்து செய்த ஸ்டோ வளையங்கள் உண்மையிலேயே விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை விரும்பிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. மாதக்கணக்கில் மாற்ற வேண்டியதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். எளிதில் அறுகாது என்பதே மறுதரப்பின் குறை. இரண்டும் ஒரே குணம்தான். ஒருவருக்கு வசதியாகத் தெரிவது இன்னொருவருக்கு ஆபத்தாகத் தெரிகிறது. உங்கள் பாராசூட்டையும் அதை வைத்து முதுகில் மாட்டும் கன்டெய்னரையும் செய்த நிறுவனங்களின் கையேடு என்ன சொல்கிறதோ அதன்படி போவதே நல்லது. ஆனால் பழைய சைக்கிள் டியூபை எடுத்து கத்தரியால் வளையம் வெட்டுவது வேறு கதை. ஒரு வளையம் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், அடுத்தது 12. ஒன்று உடனே விடும், இன்னொன்று பிடித்துக்கொள்ளும். ஒரே பையில் வலப்பக்கம் ஒரு பிடி, இடப்பக்கம் ஒரு பிடி என்று இருந்தால் லைன்கள் அவிழும்போது பை பக்கவாட்டில் ஆடும், சுழலும். திறந்த பிறகு லைன்கள் முறுக்கிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எவ்வளவு பிடி போதும்?

லாக்கிங் ஸ்டோவிலிருந்து வளைவை உருவ 8 முதல் 12 பவுண்டு வரை இழுப்பு தேவைப்பட வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. கிலோவில் சொன்னால் சுமார் மூன்றரை முதல் ஐந்தரை வரை. இதைக் கையால் உணர்ந்து சொல்கிறேன் என்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு ஒன்று போதும். வளைவில் ஒரு துண்டு நாடாவைக் கோத்து, அதில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தால் எந்த எண்ணில் ஸ்டோ விடுகிறது என்று பார்த்துவிடலாம். கொக்கியை நேராக லைனில் மாட்ட வேண்டாம், இழை பிசிறும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்தாலே காகிதக் கட்டு பேண்டின் லட்சணம் தெரிந்துவிடும். புதிதாக இருக்கும்போது ஓர் எண், இரண்டு முறை இழுத்த பிறகு இன்னோர் எண். ஒரே பாக்கெட்டில் இருக்கும் இரண்டு பேண்டுகளே ஒன்றுபோல் இருக்காது.

பாராசூட்டுக்கென்று வரும் பேண்டுகளில் பரவலாக இரண்டு அளவுகள் உண்டு: 2 அங்குலம், ஒன்றேகால் அங்குலம். அகலம் இரண்டிலும் எட்டில் மூன்று அங்குலம். டேக்ரான் போன்ற தடித்த லைன்களுக்குப் பெரியது பொருந்தும். ஸ்பெக்ட்ரா, வெக்ட்ரான் போன்றவை மெலிதானவை. ஸ்பெக்ட்ரா வழுக்கவும் செய்யும். அவற்றின் கட்டு பெரிய பேண்டில் தொளதொளவென்று நிற்கும். சிறியது தீர்ந்துவிட்டது, பெரியதுதான் இருக்கிறது என்றால் இரண்டு சுற்று சுற்றுவது வழக்கம். சில இடங்களில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான், கையேடு அனுமதித்தால் செய்யலாம். ஆனால் மற்ற எல்லா ஸ்டோவும் சிறிய பேண்டில் ஒரு சுற்றாக இருக்க, ஒன்று மட்டும் பெரிய பேண்டில் இரண்டு சுற்றாக இருப்பது சமாளிப்பு மட்டுமே. அதுவும் லாக்கிங் ஸ்டோவில் இப்படிச் செய்வது எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை.

ஒன்றை எடுத்து இன்னொன்றில் மாட்டுவது

இது கொஞ்சம் புத்திசாலித்தனமாகத் தோன்றும் தவறு. லாக்கிங் பேண்ட் அறுந்துவிட்டது. சரி, கடைசி ஸ்டோவில் இருக்கும் பேண்டைக் கழற்றி இங்கே மாட்டுவோம், அந்த ஒரு ஸ்டோ இல்லாவிட்டால் என்ன என்கிற கணக்கு. முதல் சிக்கல், கழற்றிய பேண்ட் புதியது அல்ல. மிக முக்கியமான இடத்துக்குப் பயன்படுத்திய பேண்ட் போகிறது. இரண்டாவது, ஒரு ஸ்டோ குறைந்ததால் மிச்சமாகும் லைன் எங்கே போகும்? ஒன்று, மற்ற வளைவுகள் நீளமாகும். வளைவு நீண்டு தொங்கினால் பக்கத்து வளைவிலோ கன்டெய்னரின் மடல் முனையிலோ சிக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் எல்லாம் கன்டெய்னரின் அடியில் சுருண்டு கிடக்கும். கடைசி ஸ்டோவுக்கும் ரைசருக்கும் நடுவே 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை விடுவது நல்லதுதான், பை வெளியேறும்போது புரளாமல் கிளம்ப அது உதவும். அதற்கு மேல் கிடக்கும் தளர்ந்த லைன் எதில் போய் மாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறுந்த பேண்டையே முடிச்சுப் போட்டு மறுபடி மாட்டுவதும் இதே ரகம்தான். நீளம் குறைந்ததால் பிடி இறுகும், முடிச்சின் மேடு லைனைத் தடுக்கும், இன்னோர் இடத்தில் விரிசல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

பழைய பேண்டை “இன்னும் ஒரு குதிப்பு தாங்கும்” என்று விட்டுவைப்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவசர மாற்று தேடும் நிலை பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. இயற்கை ரப்பருக்கு வெயிலும் வெப்பமும் காற்றில் உள்ள ஓசோனும் எதிரிகள். பேண்டை லேசாக நீட்டி வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை போன்ற பிளவுகள் தெரிந்தாலோ, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, நீட்டி விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பாவிட்டாலோ மாற்றுங்கள். அடிக்கடி பல பேண்டுகள் ஒரே நேரத்தில் அறுகின்றன என்றால் அளவு தவறா, பேண்டுகள் பழையதா என்று தேட வேண்டும்.

இங்கே சொன்னது எதுவும் ரிசர்வுக்குப் பொருந்தாது. ரிசர்வின் பையைப் பூட்டுவது பொதுவாக வேறு வகை எலாஸ்டிக் வளையம்; அதன் அமைப்பே வேறு. அது ரிக்கரின் (ரிசர்வை மடிக்கத் தகுதி பெற்றவர்) வேலை, அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

சரி, நடுவில் அறுந்தால் என்னதான் செய்வது? பக்கத்தில் மடித்துக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள். மடிப்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கட்டாயம் ஒரு கொத்து இருக்கும். அவர் தரும் பேண்ட் உங்கள் லைனுக்கு ஏற்ற அளவுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடமும் இல்லையென்றால் அந்த விமானத்தை விட்டுவிடுங்கள், அடுத்ததில் போகலாம். பேண்ட் கிடைத்ததும், முழுதாகப் பிரித்து முதலிலிருந்து மடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பையின் வாயை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அறுந்த இடம் வரைக்கும் உள்ள ஸ்டோக்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து வாருங்கள். பழைய பேண்டின் துண்டுகள் பையிலோ லைன்களுக்கு நடுவிலோ கிடக்கின்றனவா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். புதிய பேண்டை அதற்கான இடத்தில் கோத்து, ஒரு முனையை இன்னொரு முனைக்குள் நுழைத்து இறுக்குங்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஸ்டோ போடலாம். அதே வரிசையின் எதிர்ப்பக்க பேண்டும் அதே வயதுதான் என்றால் கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.