தாயகத்தில் சிறுநீரகக் கல்லுக்குச் சிறுதுளை அறுவை சிகிச்சை: நாட்களை முன்கூட்டியே திட்டமிடுங்கள்

விடுமுறைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ போகும்போது சிறுநீரகக் கல்லையும் எடுத்துவிட்டு வரலாம் என்று வெளிநாட்டுத் தமிழர் பலர் எண்ணுகிறார்கள். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் கல்யாணம், கோயில், உறவினர் வீடு எல்லாம் முடிந்த பின் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், போய் இறங்கிய முதல் வாரத்திலேயே சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சிறுநீரகத்துக்குள் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கல்லுக்குப் பெரும்பாலும் ‘பி.சி.என்.எல்.’ எனப்படும் சிறுதுளை முறையைத்தான் பரிந்துரைப்பார்கள். மயக்கம் கொடுத்து, முதுகின் பக்கவாட்டில் சுமார் 1 செ.மீ. கீறி, எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே ஊசியைச் சிறுநீரகத்துக்குள் செலுத்தி, அந்த வழியைச் சற்று விரித்து, கேமரா பொருத்திய குழாயை நுழைத்துக் கல்லை உடைத்துத் துண்டுகளை எடுப்பார்கள். சிறிய கல்லுக்கு வெட்டே இல்லாத முறைகளும் உண்டு, ஆகவே சி.டி. ஸ்கேனைப் பார்க்காமல் எந்த முறைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

புறப்படும் முன் பழைய ஸ்கேன்களையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துவையுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்தலாம், நிறுத்தலாமா என்பதை அவற்றை எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ‘கல்ச்சர்’ பரிசோதனையின் முடிவு வரச் சில நாட்கள் ஆகும். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்தாக வேண்டும், இல்லையேல் கல்லை உடைக்கும்போது கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிகிச்சைக்குப் பின் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சிலருக்கு ஓரிரு வாரம் கழித்துத் திடீரென்று இரத்தக்கட்டிகளோடு சிறுநீர் போகும். அந்த நேரத்தில் நீங்கள் நடுவானில் இருக்கக் கூடாது என்பதே என் கவலை. சிகிச்சைக்கும் விமானத்துக்கும் இடையே மூன்று, நான்கு வாரமாவது விட்டு, மருத்துவரின் ஒப்புதலோடு பயணச்சீட்டை உறுதி செய்யுங்கள்.

சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளே ‘டி.ஜே. ஸ்டென்ட்’ என்ற மெல்லிய குழாயை வைத்திருந்தால், அதை எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அறிக்கையில் எழுதி வாங்குங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படிந்து, இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முடிந்தால் அங்கேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எடுத்த கல்லையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த முடிவை உங்கள் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள். எந்த உணவைக் குறைப்பது என்பதை அதை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.