விளையாட்டுத் துவக்கின் வேகத்தை அளக்கும்போது எங்கே பிழைக்கிறது?

மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழாவில் வாங்கின பிளாஸ்டிக் துவக்கோ, வெளிநாட்டிலிருந்து வந்த ஏர்சொஃப்டோ (காற்று அல்லது கேஸ் அமுக்கத்தால் சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் துவக்கு), எதுவானாலும் "இது செக்கனுக்கு 330 அடி போகும்" என்று யாராவது சொன்னால் முதலில் கேளுங்கள், எத்தனை கிராம் குண்டு போட்டு அளந்தீர்கள் என்று. 6 மில்லிமீற்றர் குண்டெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான், ஆனால் 0.12 கிராமும் இருக்கிறது, 0.20, 0.25 கிராமும் இருக்கிறது. 0.20 கிராம் குண்டு செக்கனுக்கு 100 மீற்றர், அதாவது 328 அடி வேகத்தில் வெளியேறினால் அதன் சக்தி 1 யூல். அதே வேகத்தில் 0.12 கிராம் என்றால் 0.6 யூல்தான். எடை சொல்லாத வேகத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

குண்டின் வேகத்தைச் சென்சரால் அளக்கும் கருவியான குரோனோகிராப் இல்லாதவர்கள் போனில் சத்தத்தைப் பதிந்து, வெடிக்கும் சத்தத்துக்கும் இலக்கில் படும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தால் தூரத்தை வகுக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் போனைத் துவக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், இலக்கில் பட்ட சத்தம் திரும்பி வரும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். 3 மீற்றர் தூரத்தைச் செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் கடக்க 60 மில்லி செக்கன் போதும். நம்மட 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகிறது, அது திரும்பி வர இன்னும் 9 மில்லி செக்கன். 50 இருக்க வேண்டிய இடத்தில் 44க்குக் கிட்டத்தான் வரும்! போனைக் குழல் வாய்க்கும் இலக்குக்கும் சம தூரத்தில் வையுங்கள், சரியாகிவிடும். அப்புறம், ஸ்பிரிங் துவக்கில் விசை விடுபடும் சத்தம் முதலில் கேட்கும், அதிலிருந்து அளக்கக் கூடாது, அடுத்து வரும் பெரிய அடிதான் உங்களுக்கு வேண்டியது.

தூரத்தைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைப்பதும் பிழை. பாரம் குறைந்த குண்டைக் காற்று சீக்கிரமே மந்தமாக்கிவிடும், அதனால் உங்களுக்குக் கிடைப்பது வழி முழுவதற்குமான சராசரி, குழல் வாயில் இருந்த வேகம் அதைவிடக் கூட.

சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று தகரத்தை இலக்காக வைக்காதீர்கள், தயவுசெய்து. குண்டு தெறித்து நேரே முகத்துக்குத்தான் வரும். பழைய துணி அடைத்த பெட்டியின் வாயில் கடதாசியை இறுக்கி ஒட்டினால் அதே அளவு தெளிவான சத்தம் கிடைக்கும். போன் பிடிப்பவர் உட்பட அங்கே நிற்கும் எல்லாரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும்.

குரோனோகிராப் இருப்பவர்கள் கல்லடிக் கடற்கரையில் உச்சி வெயிலில் அதை விரித்து வைத்தால் சூரியன் நேரே சென்சரில் விழுந்து கண்ட கண்ட எண்ணெல்லாம் காட்டும், மேலே வெள்ளைக் கடதாசி மறைப்பு வேண்டும், நிழல் இருந்தால் இன்னும் நல்லது.

கேஸ் துவக்கென்றால் வெப்பநிலையையும் எழுதுங்கள், வெக்கையில் அமுக்கம் ஏறி வேகமும் கூடும். அடுத்தடுத்து சுட்டால் கேஸ் குளிர்ந்து எண் இறங்கிக்கொண்டே போகும், ஆகவே இடைவெளி விட்டுப் பத்து வெடியாவது வையுங்கள், சராசரியோடு ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.