டிலே பெடலுக்குத் தனி அடாப்டர், விசில் சத்தம் போச்சு

கிட்டார் எஃபெக்ட் பெடல்களை வரிசையாக வைக்க, பிளைவுட்டில் நானே அடித்த பெடல்போர்டு. ஒரே 9 வோல்ட் அடாப்டரிலிருந்து டெய்சி செயின் (ஒரே வயரில் வரிசையாகப் பல பிளக்) போட்டு எல்லா பெடலுக்கும் கரண்ட் கொடுத்திருந்தேன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் போதும், ஆம்ப்பில் கீச்சென்று ஒரு விசில்.

எதிரொலி கொடுக்கும் டிஜிட்டல் டிலே பெடலை மட்டும் செயினிலிருந்து உருவி, பேட்டரியில் ஓட்டினேன். சத்தம் சுத்தமாக நின்றது. டிஜிட்டல் பெடலின் உள்ளே ஓடும் கிளாக் சிக்னலின் இரைச்சல் பொதுவான கிரவுண்ட் வழியே நுழைய, டிஸ்டார்ஷன் அதைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது.

அப்புறம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் டிலேக்கென்று தனியாக ஒரு ரெகுலேட்டட் அடாப்டர் வாங்கினேன். இதில் போலாரிட்டிதான் முக்கியம். பெரும்பாலான பெடல்களுக்கு நடுவில் மைனஸ்; கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மோடம் அடாப்டர்களில் நடுவில் பிளஸ். மல்டிமீட்டரில் காட்டச் சொன்னேன். "மாத்திக் கட்டித் தரேன் அண்ணே" என்று கடைக்காரத் தம்பி அங்கேயே வயரை வெட்டிச் சால்டர் வைத்துக் கொடுத்தார்.

அடாப்டரின் மில்லிஆம்பியர் பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், வோல்ட் அதிகமாகக் கூடாது. அனலாக் ஓவர்டிரைவ் பெடல் 10 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். டிஜிட்டல் பெடல்கள் 50, 100 என்று கேட்கும். பாசிட்டிவ் கிரவுண்ட் (பிளஸ் பக்கம் கிரவுண்டில் இணைந்தது) உள்ள பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல் இருந்தால், அதைச் செயினில் சேர்க்கவே வேண்டாம், ஷார்ட் ஆகிவிடும்.