சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேபினெட்டைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் கிருஷ்ணகிரி வந்து இறங்கினார். செட்டிக்கரை இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறவர். "அண்ணா, எந்த கேம் போட்டாலும் பத்து நிமிஷத்துல ரீஸ்டார்ட் ஆயிடுது. விண்டோஸ் மூணு தடவ போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் வாசம் அடித்தது. அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் அடித்த அதே வாசம்.

தெர்மல் பேஸ்ட் வைக்க மறப்பது, கூலருக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று தவிப்பது, இதையெல்லாம் எந்த வீடியோவைப் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு தடவை செய்தால் மறு தடவை செய்யமாட்டீர்கள். நான் எழுத வந்தது வேறு வகைத் தவறுகள். செய்ததே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும். ஒரு நாள் பணத்தையும் ஃபைல்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்

எஸ்எம்பிஎஸ் என்றால் வீட்டுக் கரண்ட்டை கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. எல்லோரும் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பட்ஜெட் போடுவார்கள். கலர் லைட் எரியும் ஃபேனுக்குக்கூட காசு ஒதுக்குவார்கள். கடைசியில் கையில் இருப்பது தீர்ந்ததும், "பழைய கேம்தானே விளையாடப் போறேன், இந்த எஸ்எம்பிஎஸ் போதும்" என்று கேபினெட்டோடு வந்ததையோ, எழுநூறு ரூபாய்க்குக் கிடைத்ததையோ மாட்டிவிடுவார்கள். அதன் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அந்த எண்ணை நம்புவதில்தான் தவறு ஆரம்பிக்கிறது.

நானும் நம்பினேன். 2010 ஜூன், மாங்காய் சீசன். அப்பாவுக்கு மண்டி இருந்தது. பெங்களூரா காய் லோடு லோடாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும். எந்தத் தோட்டத்துக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்கிற கணக்கை நான்தான் எக்செல்லில் ஏற்றி வந்தேன். பகலில் கணக்கு, ராத்திரியில் அதே கம்ப்யூட்டரில் கேம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் செகண்ட் ஹேண்டில் ஒரு 9600 ஜிடி கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து, கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸிலேயே மாட்டினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் 'பட்' என்று ஒரு சத்தம். மதர்போர்டு, கார்டு, 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், மூன்றும் போயின. கார்டு போன வருத்தம் சில மாதத்தில் ஆறிவிட்டது. அப்பா பத்து நாள் துண்டுச் சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டத்துக்காரருக்கும் போன் போட்டு, "உங்களுக்கு நான் எவ்வளவு தரணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாரே, அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் வந்தாலும் விடாமல் பேசுகிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் பக்கவாட்டில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் போட்டிருக்கும். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பென்டியம் 3 காலத்தில் 5 வோல்ட்டுக்கு வேலை அதிகம். மலிவான எஸ்எம்பிஎஸ்கள் பல இன்னும் அந்தக் காலக் கணக்கிலேயே செய்யப்படுகின்றன. இன்று அதிகம் தேவைப்படாத 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் கூட்டித்தான் அந்த 450 வருகிறது.

தம்பி கொண்டுவந்ததில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட். அவர் மாட்டியிருந்த செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 கார்டு மட்டுமே 185 வாட் இழுக்கக்கூடியது. 65 வாட் பிராசசர் தனி. கூட்டிப் பார்த்தாலே போதும், ரீஸ்டார்ட் ஏன் ஆகிறது என்று தெரிந்துவிடும். இதில் விண்டோஸ் என்ன பாவம் செய்தது?

இன்னொன்றும் செய்திருந்தார். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் கனெக்டரே இல்லை. ஒரு சின்ன கன்வெர்ட்டர் வாங்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நாலு பின் மோலெக்ஸிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். மஞ்சள் ஒயர் நுழைகிற இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, மெழுகு மாதிரி உருகி வளைந்திருந்தது. விரலால் இழுத்தபோது பின் தனியாகக் கையோடு வந்தது. 8 பின் கனெக்டர் என்றால் 150 வாட் வரை போகும் வழி. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லையென்றால், அந்த கார்டுக்கான எஸ்எம்பிஎஸ் அது இல்லை என்று அர்த்தம். கன்வெர்ட்டர் வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது காலியாக இருக்கும் மோலெக்ஸில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் பாருங்கள். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். தம்பியுடையது 10.9-க்கு இறங்கியதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

80 பிளஸ் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கிறார்கள். அது மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கான சான்று. வோல்ட்டேஜ் எகிறினால் தானே அணைந்துவிடுகிற பாதுகாப்பு இருக்கிறதா என்று அது சொல்லாது. வோல்ட்டேஜ் எகிறினால் காக்கும் ஓவிபி, கரண்ட் அளவுக்கு மீறினால் காக்கும் ஓசிபி, ஷார்ட் ஆனால் காக்கும் எஸ்சிபி மூன்றும் இருப்பதாகக் கம்பெனியே எழுதியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். என் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதுதான். இன்றைக்கு மூன்று, நாலாயிரம் ரூபாயில் இது எல்லாம் இருக்கிற எஸ்எம்பிஎஸ் கிடைக்கிறது. காசு பற்றவில்லையென்றால் கார்டை ஒரு படி இறக்குங்கள். ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டே பழைய கேம்களுக்குத் தாராளம்.

எர்த் இல்லாத பிளக் பாயின்ட்

கேபினெட்டின் இரும்பில் புறங்கை பட்டால் சுர்ரென்கிறதா? வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர், எர்த் ஒயர் வழியாகத்தான் கசிவை வெளியே அனுப்பும். எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டிலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போய்விடும். ஆனால் பென் டிரைவையோ மானிட்டர் கேபிளையோ செருகும்போது போர்ட் அடிபடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழி தோண்டி எர்த் போடச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

எஃப் எழுத்து

இன்டெல் பிராசசர் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறவர்கள் அதைத் தொடாதீர்கள்.

ஒற்றை ரேம்

16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு.

டிஎல்எல் ஃபைலைத் தனியாக டவுன்லோடு செய்வது

சரி, மெஷின் ஆன் ஆகிவிட்டது. பழைய கேமைப் போட்டதும் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல், அதாவது கேம் ஓடத் தேவையான உதவி ஃபைல் ஒன்று காணவில்லை என்று வரும். உடனே அந்தப் பெயரைத் தேடி, எவனோ ஏற்றி வைத்த ஃபைலை எடுத்து சிஸ்டம்32-க்குள் போடுகிறார்கள். வைரஸை நாமே வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைக்கிற வேலை அது. விண்டோஸில் கேம்கள் படம் காட்டப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸில் 12-ம் பதிப்பு இருந்தால் 9-க்கான எல்லாமே உள்ளே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த உதவி ஃபைல்கள் தனி. மைக்ரோசாஃப்ட் ஜூன் 2010-ல் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை அவர்களிடமிருந்தே எடுத்து இன்ஸ்டால் செய்தால் முடிந்தது.

சிடியை மட்டும் நம்புவது

64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓடாது. தொண்ணூறுகளில் வந்த பல கேம்களில் கேம் 32 பிட்டாகவும் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாகவும் இருக்கும். சிடி போட்டதும் எரர் வந்தால் கேமே ஓடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாஸ் கேம் என்றால் டாஸ்பாக்ஸ் இருக்கிறது. பழைய டைரக்ட்எக்ஸ் கேம்களுக்கும், வூடூ கார்டுகளுக்கான கிளைடு கேம்களுக்கும் டிஜிவூடூ 2 என்கிற மென்பொருள்.

காப்பி எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்கிற பூட்டு போட்ட சிடிகள் கதை வேறு. 2015-ல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டுக்கான டிரைவரை ஏற்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கியது. கிராக் தேடிப் போகாமல், ஜிஓஜி என்கிற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடிக்குக் காத்திருந்து பூட்டில்லாத பதிப்பை வாங்குங்கள்.

புரோகிராம் ஃபைல்ஸில் இன்ஸ்டால் செய்வது

டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். பழைய கேம்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் எழுதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அதைத் தடுத்து, விர்ச்சுவல்ஸ்டோர் என்கிற மறைவான இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. சேவ் காணோம் என்று தேடுவது அதனால்தான்.

கேம் தகராறு செய்தால் கார்டை மாற்றுவது

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமில், நொடிக்கு எத்தனை படம் காட்டலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டரை எடுத்துவிட்டால் ஹீரோ தண்ணீரில் நீந்தவே திணறுவார். கார்டு பலவீனமாக இருப்பதால் அப்படி ஆவதில்லை. வேகம் கூடியதால் கேமின் உள்கணக்கு குழம்பிப் போவதுதான் காரணம். லிமிட்டரை ஆன் செய்யுங்கள்.

விண்டோஸ் 11-க்கு 24எச்2 அப்டேட் வந்த பிறகு அதே கேமில் ஸ்கிம்மர் என்கிற நீர் விமானம் காணாமல் போனது. பலரும் புது விண்டோஸைத் திட்டினார்கள். அந்த கேமின் தப்புகளைத் திருத்தும் சைலன்ட்பேட்ச் என்கிற மென்பொருளை எழுதியவர் தோண்டிப் பார்த்தபோது, வண்டிகளின் விவரம் இருக்கும் ஃபைலில் ஸ்கிம்மரின் வரியில் சக்கர அளவையே எழுதாமல் விட்டிருந்தது தெரிந்தது. முன்னால் படித்த வண்டியின் அளவு மெமரியில் தற்செயலாக மிச்சம் இருந்ததால் இருபது வருடம் தப்பு வெளியே தெரியவில்லை. புது விண்டோஸ் அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதும் விமானம் போய்விட்டது. எவ்வளவு விலைக்கு கார்டு வாங்கினாலும் இது சரியாகாது. நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து, விட்டுப்போன அளவுகளை வரியின் முடிவில் சேர்த்தால் விமானம் தண்ணீரில் பழைய இடத்திலேயே மிதக்கும்.